பேங்க் ஒன்றுக்கு வோல்ட்டேஜ் ஒன்று: எஃப்பிஜிஏவுக்கு வெளி மெமரி சேர்க்கும் முன்

சேலம் அம்மாபேட்டையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் எட்டு விசைத்தறி ஓடுகிறது. அப்பாவுடைய தறிகள். அவற்றில் ஒன்றின் மேல், துணி சுருளும் இடத்துக்குச் சற்று முன்னால், ஒரு சின்ன கேமராவை மாட்டியிருக்கிறேன். பாவு நூல் ஒன்று அறுந்து, யாரும் கவனிக்காமல் நாலைந்து அங்குலம் ஓடிவிட்டால் அந்தச் சேலை இரண்டாம் தரத்துக்குப் போய்விடும். நீளவாக்கில் அப்படி ஒரு கோடு விழுந்ததும் கேமரா கண்டுபிடித்துத் தறியை நிறுத்த வேண்டும். அதற்கான போர்டை நானே வரைந்தேன். நடுவில் இருப்பது எஃப்பிஜிஏ, அதாவது உள்ளே இருக்கும் சுற்றை நாமே எழுதி அமைத்துக்கொள்ளும் சிப். ஸைலிங்ஸின் ஆர்ட்டிக்ஸ்-7 குடும்பத்தின் 35டி, கால்களுக்குப் பதில் அடியில் 324 பந்து இருக்கும் பேக்கேஜ்.

முதலில் வெளி மெமரி எதுவும் வைக்கவில்லை. பிறகு சேர்க்க வேண்டி வந்தது. சேர்த்த விதத்தில் தப்புச் செய்து, ஒரு போர்டையும் இரண்டு மாதத்தையும் இழந்து, மறுபடி வரைந்து சரி செய்தேன். இதே வேலையில் இறங்குகிறவர்களுக்கு அந்த இரண்டு மாதம் மிச்சமாக வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் கணக்கு. மெமரி உண்மையிலேயே தேவையா, எவ்வளவு தேவை என்று தெரியாமல் சிப் தேடக் கூடாது. என் கேமரா 640க்கு 480 புள்ளி, புள்ளிக்கு ஒரு பைட். ஒரு படத்துக்கு 3,07,200 பைட், அதாவது 300 கிலோபைட். 35டி சிப்புக்குள் இருக்கும் பிளாக் ரேம் 36 கிலோபிட் வீதம் 50 துண்டு. மொத்தம் 1,800 கிலோபிட், பைட்டாக்கினால் 225 கிலோபைட்தான். ஒரு முழுப் படம்கூட உள்ளே அடங்காது. எனக்கோ இந்தப் படத்தையும் முந்தைய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். ஆக வெளி மெமரி கட்டாயம்.

வேகத்தையும் கணக்கிடுங்கள். நொடிக்கு 60 படம் என்றால் எழுதுவதற்கு நொடிக்கு சுமார் 18.4 மெகாபைட், படிப்பதற்கும் அதே அளவு. இரண்டும் சேர்த்து 37 மெகாபைட். 100 மெகாஹெர்ட்ஸில் ஓடும் சாதாரண 16 பிட் எஸ்டிரேம் (பழைய, எளிய வகை மெமரி சிப்) உச்சத்தில் நொடிக்கு 200 மெகாபைட் தரும். ரெஃப்ரெஷ், வரிசை மாற்றம் என்று பாதி வீணாகிப் போனாலும் எனக்குத் தாராளம். இந்தக் கணக்கை ஆரம்பத்திலேயே போட்டது நல்லதாயிற்று. போடாமல் இருந்திருந்தால் அதைவிட வேகமான, விதிகள் அதிகமான டிடிஆர்3 மெமரி பக்கம் போயிருப்பேன், தேவையே இல்லாமல்.

பேங்க் என்றால் பீம்

எஃப்பிஜிஏவில் சிக்னல் பின்கள் தனித்தனியாக வாழ்வதில்லை. கூட்டம் கூட்டமாகப் பிரித்திருக்கிறார்கள். ஒரு கூட்டத்துக்குப் பேங்க் என்று பெயர். ஆர்ட்டிக்ஸ்-7 சேர்ந்த 7 சீரீஸில் முழு பேங்க் ஒன்றில் 50 பின். அந்த ஐம்பதுக்கும் சேர்த்து ஒரே ஒரு மின்சாரம்: விசிசிஓ. இன்டெல், லாட்டிஸ் சிப்புகளில் இதையே விசிசிஐஓ என்பார்கள். அந்த விசிசிஓவுக்கு 3.3 வோல்ட் கொடுத்தால் அந்த பேங்கிலிருந்து வெளியே வரும் எல்லா '1'ம் 3.3 வோல்ட். 1.8 கொடுத்தால் எல்லாமே 1.8. பின்னுக்கு ஒரு வோல்ட்டேஜ் என்று கேட்கவே முடியாது.

இதை நான் புத்தகத்தில் படித்திருந்தேன். மனதில் பதிந்தது அப்பாவிடம் விளக்க முயன்றபோதுதான். "ஒரே பேங்கில கேமராவும் மெமரியும் சேர்ந்து இருக்கு, ஆனா ரெண்டுக்கும் வேற வேற வோல்ட்டேஜ் வேணும்பா" என்றேன். தறியிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: "ஒரு பீம்ல சுத்துன பாவுக்கு ஒரே இழுப்புதான் கண்ணு. கரை நூலுக்கு வேற இழுப்பு வேணும்னா தனி பீம் போட்டுத்தான் ஆகணும்."

அவ்வளவுதான் விஷயம். பீம் என்பது பாவு நூலைச் சுற்றி வைக்கும் உருளை. ஜரிகைக் கரை நூலுக்கும் உடல் நூலுக்கும் ஒரே இழுப்பு ஒத்துவராது. இரண்டையும் ஒரே பீமில் சுற்றினால் ஒன்று தொளதொளக்கும், இல்லை ஒன்று அறும். பேங்கும் அப்படியே. வோல்ட்டேஜ் வேறு என்றால் பேங்க் வேறு.

எங்கள் சிப்பில் பேங்குகள் 14, 15, 16, 34, 35. வெளியே வரும் சிக்னல் பின்கள் மொத்தம் 210. இதில் 16-ம் பேங்கில் சில பின்களே பேக்கேஜுக்கு வெளியே வருகின்றன. அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். சிப் ஒன்றே என்றாலும் பேக்கேஜ் மாறினால் எந்த பேங்க் முழுசு, எது அரைகுறை என்பதும் மாறும். ஆர்ட்டிக்ஸில் இருப்பவை எல்லாம் எச்ஆர் வகை பேங்குகள், 1.2 முதல் 3.3 வோல்ட் வரை தாங்கும். கின்டெக்ஸ் போன்ற பெரிய சிப்புகளில் எச்பி வகையும் உண்டு. அந்த வகையின் உச்ச வரம்பு 1.8 வோல்ட். அதில் 3.3 வோல்ட் எஸ்டிரேம் வைக்க நினைப்பதே தப்பு.

கிராஃப் தாளில் ஒரு வரைபடம்

ஸ்கீமாட்டிக் (சுற்று வரைபடம்) திறப்பதற்கு முன்னால் ஒரு தாள் எடுங்கள். எங்கள் வீட்டில் சேலை டிசைன் போடும் கட்டத்தாள் கட்டுக்கட்டாக இருக்கும், நான் அதில் போட்டேன். கட்டம் ஒன்றுக்குப் பின் ஒன்று. பேங்குக்கு ஒரு பட்டை. பட்டையின் தலையில் மூன்று விஷயம் எழுதுங்கள்: விசிசிஓ எவ்வளவு, அதைத் தீர்மானித்தது யார், அதை மாற்ற முடியுமா.

இரண்டாவது கேள்விதான் முக்கியம். ஒவ்வொரு பேங்குக்கும் ஒரு முதலாளி இருப்பார். 14-ம் பேங்கை எடுத்துக்கொள்ளுங்கள். மின்சாரம் வந்ததும் சிப் தன் நிரலைப் படித்துக்கொள்ளும் ஃப்ளாஷ் அங்கேதான் சேர்கிறது. என் ஃப்ளாஷ் 3.3 வோல்ட். ஆகவே 14-ம் பேங்க் 3.3, பேச்சே இல்லை. அதோடு சேர்ந்து 0-ம் பேங்கும் 3.3. நிரல் ஏற்றுவதற்கென்றே இருக்கும் பின்களின் பேங்க் அது, நம் சிக்னல்களுக்குக் கிடைக்காது, அதனால்தான் மேலே பட்டியலில் சேர்க்கவில்லை. இங்கே சிஎஃப்ஜிபிவிஎஸ் என்று ஒரு பின் இருக்கிறது, பலர் கவனிக்காமல் விடுவது. 0-ம் பேங்குக்கு 2.5 அல்லது 3.3 கொடுத்தால் அந்தப் பின்னை அதே மின்சாரத்தோடு இணைக்க வேண்டும். 1.8 அல்லது அதற்குக் கீழே என்றால் கிரவுண்டில். மாற்றிப் போட்டு 3.3 கொடுத்தால் சிப் பழுதாகலாம். 14, 15 இரண்டு பேங்கும் நிரல் ஏற்றும் நேரத்தில் இந்தப் பின் சொல்வதற்குக் கட்டுப்பட்டவை. ஆகவே அவற்றின் விசிசிஓவை முடிவு செய்யும்போது இதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

என் தாளில் மற்றவை இப்படி: 15-ம் பேங்க் தறிப் பக்கம், ஆப்டோகப்ளரும் (சிக்னலை ஒளி வழியே கடத்தி இரு பக்க மின்சாரத்தையும் பிரித்து வைக்கும் பாகம்) சுவிட்சும், 3.3 வோல்ட், 23 பின் போய் 27 காலி. 35-ம் பேங்க் கேமரா, 1.8 வோல்ட், 17 பின் போய் 33 காலி. 34-ம் பேங்க் முழுவதும் காலி. ஆனால் இன்னொரு தறிக்கு எல்விடிஎஸ் கம்பி (சிக்னலை ஜோடிக் கம்பியில் அனுப்பும் முறை) இழுக்கலாம் என்ற யோசனையில் அதற்கு 2.5 வோல்ட் கொடுத்து வைத்திருந்தேன். எச்ஆர் பேங்கில் எல்விடிஎஸ் வெளியே போக 2.5 கட்டாயம்.

இந்தத் தாளை நான் இரண்டாவது போர்டுக்குத்தான் போட்டேன். முதல் தடவை போட்டிருந்தால் அடுத்த பகுதியை எழுத வேண்டியே இருந்திருக்காது.

நடந்தது

16 பிட் எஸ்டிரேமுக்கு எத்தனை பின்? டேட்டா 16, முகவரி 13, பேங்க் முகவரி 2, சிஎஸ், ராஸ், காஸ், ரைட் என்று கட்டளைப் பின் 4, கிளாக்கும் கிளாக் எனேபிளும் 2, பைட் மறைப்பு 2. மொத்தம் 39. இதில் வரும் பேங்க் மெமரிக்குள் இருக்கும் பேங்க், எஃப்பிஜிஏ பேங்குக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. குழம்ப வேண்டாம்.

15-ல் 27 காலி, 35-ல் 33 காலி. அறுபது காலி, முப்பத்தொன்பது போதும் என்று சந்தோஷப்பட்டேன். டேட்டாவும் கன்ட்ரோலும் சேர்த்து 24 பின்னை 15-ம் பேங்கில் வைத்தேன். முகவரிப் பின் 15-ஐ 35-ல் வைத்தேன். போர்டு வந்தது. எந்தச் சிக்னல் எந்தப் பின்னில், எந்த வோல்ட்டேஜ் தரத்தில் என்று சொல்லும் கன்ஸ்ட்ரெயின்ட் ஃபைலில் எல்லா மெமரி பின்னுக்கும் எல்விசிமாஸ்33 (3.3 வோல்ட் தரம்) என்று எழுதி ஓட்டினேன். எஃப்பிஜிஏவுக்கான மென்பொருளான விவாடோ நிறுத்தியது. பிஐவிசி-1 என்ற பிழை: 35-ம் பேங்கில் வோல்ட்டேஜ் முரண், உதாரணத்துக்கு இந்த இரண்டு போர்ட் என்று ஒரு கேமரா பின்னையும் ஒரு முகவரிப் பின்னையும் பெயரோடு காட்டியது.

அந்த இடத்தில் நான் நின்று யோசித்திருக்க வேண்டும். செய்யவில்லை. முகவரிப் பின்களை மட்டும் எல்விசிமாஸ்18, அதாவது 1.8 வோல்ட் தரம் என்று மாற்றினேன். பிழை போய்விட்டது. பச்சை டிக்.

ராத்திரி மேசையில் மெமரி டெஸ்ட் தேறியது. மறுநாள் தறிக்கூடத்தில் மாட்டினேன். சித்திரை வெயில், தகரக் கூரை, எட்டு மோட்டார். பத்து நிமிடத்தில் திரையில் வந்த படத்தைப் பார்த்தேன்: சேலையின் கரை படத்தின் ஓரத்தில் இருக்க வேண்டியது, நடுவில் ஒரு துண்டாக நின்றது. கீழே அதே எட்டு வரிசை திரும்பத் திரும்ப வந்தது. துணியில் ஒரு குறையும் இல்லை. தறி மட்டும் நின்று நின்று ஓடியது. அப்பா ஒன்றும் சொல்லாமல் என் பெட்டியின் சுவிட்சை அணைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போனார்.

ஆஸில்லோஸ்கோப்பை எடுத்து வந்து முதலில் ஒரு டேட்டா காலில் ஊசியை வைத்தேன். அலை 3.3 வரை ஏறியது. அடுத்து முகவரி 9-ம் காலில். அலை 1.8-ல் தலை முட்டி நின்றது. எஸ்டிரேம் டேட்டாஷீட்டில் உள்ளே வரும் '1'க்குக் குறைந்தபட்சம் 2.0 வோல்ட் என்று போட்டிருக்கிறது. 0.8-க்குக் கீழே '0'. நடுவில் இருப்பது எதுவும் உத்தரவாதமில்லை. நான் அனுப்பிய '1' அந்த நடுவில் நின்றுகொண்டிருந்தது. எல்விசிமாஸ்18 வெளியீட்டுக்கு எஃப்பிஜிஏ தரும் உறுதியோ விசிசிஓவிலிருந்து 0.45 கழித்தது, அதாவது 1.35 வோல்ட்தான். ராத்திரி அமைதியில் மெமரி அதை '1' என்று எடுத்துக்கொண்டது. சூட்டிலும் மோட்டார் இரைச்சலிலும் சில சமயம் '0' என்று எடுத்தது. முகவரி மாறினால் படத்தின் வரிசை இடம் மாறும். கரை நடுவில் வந்தது அதனால்தான்.

ஒரு வகையில் முகவரிப் பின்களைத் தவறான பக்கம் வைத்ததுகூட அதிர்ஷ்டம். டேட்டா பின்களை 35-ல் வைத்திருந்தால் மெமரி படிக்கும்போது 3.3 வோல்ட்டை 1.8 பேங்குக்குள் தள்ளியிருக்கும். பின்னின் உள்ளே வரக்கூடிய வோல்ட்டேஜ் விசிசிஓவைத் தாண்டி ரொம்ப மேலே போகக் கூடாது. போனால் உள்ளிருக்கும் பாதுகாப்பு டையோடு வழியே மின்சாரம் 1.8 லைனுக்குள் பாயும். அப்போது கெடுவது படம் இல்லை, சிப்.

இதில் நான் கற்றது ஒன்றுதான், அழுத்திச் சொல்கிறேன். விவாடோ நீங்கள் எழுதியது ஒன்றுக்கொன்று ஒத்துப்போகிறதா என்று மட்டும் பார்க்கும். போர்டில் அந்த பேங்குக்கு உண்மையில் எவ்வளவு வோல்ட் போகிறது என்று அதற்குத் தெரியாது. கம்பியின் அந்தப் பக்கம் இருக்கும் சிப் எதை '1' என்று ஏற்கும் என்றும் தெரியாது. பிழை போய்விட்டது என்றால் முரண் போய்விட்டது என்று அர்த்தமில்லை.

காலியாக இருப்பது எந்த பேங்க், அதற்கேற்ற மெமரி எது

மெமரியைத் தேர்ந்தெடுத்துவிட்டு அதற்கு இடம் தேடாதீர்கள். காலி பேங்கைப் பார்த்துவிட்டு மெமரியைத் தேர்ந்தெடுங்கள். சிறு போர்டுகளுக்கு மூன்று வழி இருக்கிறது.

பழைய எஸ்டிரேம்: 3.3 வோல்ட், 39 பின், 256 மெகாபிட் சிப்பில் 32 மெகாபைட். '1', '0' பிரிக்கும் வி-ரெஃப் வோல்ட்டேஜ் தனியாக வேண்டாம், கம்பி முனையில் டெர்மினேஷன் ரெசிஸ்டர் வேண்டாம். 54 கால் டிசாப் பேக்கேஜ், கால் இடைவெளி 0.8 மில்லிமீட்டர். கையால் ஒட்டலாம், ஊசி வைத்து அளக்கலாம். என்னைப் போல மேசையில் வேலை செய்கிறவர்களுக்கு இந்த 'அளக்கலாம்' என்பது பெரிய விஷயம். பந்துப் பேக்கேஜில் கால் எல்லாம் வயிற்றுக்கடியில் ஒளிந்துகொள்ளும்.

ஹைப்பர்ரேம் (குறைந்த பின்னில் ஓடும் மெமரி வகை): டேட்டா 8, இன்னும் நாலைந்து கன்ட்ரோல், மொத்தமே 12 அல்லது 13 பின். பேங்கில் பெரிய இடம் இல்லாதவர்களுக்கு நல்லது. ஆனால் வாங்கும்போது பெயரை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். எஸ்27கேஎல்0641 என்பது 3 வோல்ட் சிப். எஸ்27கேஎஸ்0641 என்பது 1.8 வோல்ட் சிப். ஒரே ஓர் எழுத்து. 1.8 வகைக்குக் கிளாக் ஜோடியாகப் போக வேண்டும், அதனால்தான் ஒரு பின் கூடுகிறது. என் 35-ம் பேங்க் 1.8 என்பதால் கேஎஸ் வகையை அங்கேயே கேமராவோடு வைத்திருக்கலாம், மின்சார விஷயத்தில் ஒரு முரணும் வந்திருக்காது. பந்துப் பேக்கேஜ் என்பதால் விட்டேன்.

டிடிஆர்3எல்: 1.35 வோல்ட். டிடிஆர்3 என்றால் 1.5. வேகமும் கொள்ளளவும் வேண்டும் என்றால் இதுதான். அதற்கு வேறு விதிகள், கீழே வருகிறேன்.

நடுவில் வோல்ட்டேஜை மாற்றித் தரும் லெவல் ஷிஃப்டர் சிப் வைத்துச் சமாளிக்கலாமே என்று ஒரு நண்பர் கேட்டார். சுவிட்ச், எல்இடி, சீரியல் போர்ட்டுக்குச் சரி. 100 மெகாஹெர்ட்ஸில் இரண்டு திசையும் மாறி மாறி ஓடும் டேட்டா கம்பிகளுக்கு வேண்டாம். அது கூட்டும் தாமதத்தைச் சமாளிப்பதற்குள் புது போர்டே போட்டுவிடலாம்.

நான் முடிவு செய்தது: எல்விடிஎஸ் ஆசையை விட்டுவிட்டு 34-ம் பேங்குக்கு 3.3 வோல்ட், 39 பின்னும் அங்கேயே. ஒரே பேங்கில் வைத்ததால் கம்பி நீளங்களும் ஏறக்குறைய சமமாக அமைந்தன. கிளாக்கை சாதாரணச் சிக்னல் போல வெளியே விடாமல், பின்னோடு சேர்ந்திருக்கும் ஓடிடிஆர் என்ற வெளியீட்டு ரெஜிஸ்டர் வழியாக விடுங்கள், டேட்டா ரெஜிஸ்டர்களைப் பின்னுக்கு அருகிலேயே, ஐஓபி என்ற பின் பகுதிக்குள் வையுங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு முறை கம்பைல் செய்யும்போதும் நேரக் கணக்கு மாறிக்கொண்டே இருக்கும். பதினாறு டேட்டாவும் ஒரே நேரத்தில் 1-லிருந்து 0-வுக்குத் தாவும்போது பேங்கின் கிரவுண்டே ஆடும். அதனால் டிரைவ் (பின் தள்ளும் மின்னோட்டம்) 8 மில்லிஆம்ப், ஸ்லூ (அலை ஏறி இறங்கும் வேகம்) மெதுவாக என்று வைத்தேன். கிளாக் கம்பியில் எஃப்பிஜிஏ பக்கத்தில் 33 ஓம் ரெசிஸ்டர்.

டிடிஆர்3எல் என்றால்

இங்கே வோல்ட்டேஜ் மட்டும் பார்த்தால் போதாது. எந்தப் பின் எந்தச் சிக்னலுக்கு என்பதிலும் கை கட்டிப் போட்டிருப்பார்கள். பேங்கின் 50 பின்னில் 48, பன்னிரண்டு பன்னிரண்டாக நான்கு பைட் குழுக்களாகப் பிரிந்திருக்கின்றன. மீதி இரண்டும் ஓரத்தில் தனியாக நிற்கும். ஒரு பைட்டின் 8 டேட்டா, அந்த டேட்டாவை எப்போது படிக்க வேண்டும் என்று சொல்லும் டிக்யூஎஸ் ஜோடி, அதன் மறைப்பு, எல்லாம் ஒரே குழுவுக்குள் இருக்க வேண்டும். டிக்யூஎஸ் ஜோடி அந்தக் குழுவில் அதற்கென்று குறித்த ஜோடியில்தான் உட்கார வேண்டும். ஒரு குழுவுக்குள் டேட்டா பிட்களை இடம் மாற்றிக்கொள்ளலாம், போர்டு வரைய வசதி. முகவரி பிட்களை அப்படி மாற்றக் கூடாது.

2 கிகாபிட், 16 பிட் சிப் ஒன்றுக்கு எண்ணிப் பாருங்கள்: டேட்டா 16, டிக்யூஎஸ் 4, மறைப்பு 2, முகவரி 14, பேங்க் முகவரி 3, ராஸ் காஸ் ரைட் 3, சிஎஸ், சிகேஇ, ஓடிடி 3, கிளாக் ஜோடி 2, ரீசெட் 1. மொத்தம் 48. பேங்க் நிரம்பிவிடும். டிஜிலென்டின் ஆர்ட்டி ஏ7 போர்டில் இப்படித்தான் 34-ம் பேங்க் முழுவதையும் 1.35 வோல்ட்டில் டிடிஆர்3எல்லுக்கே கொடுத்திருக்கிறார்கள். அதன் ஸ்கீமாட்டிக்கைப் பொதுவில் வைத்திருக்கிறார்கள். வரைவதற்கு முன் ஒரு மணி நேரம் அதைப் படியுங்கள், வகுப்பில் கிடைக்காத பாடம் அது.

மிச்சம் இரண்டு பின் இருக்கிறதே, ஒரு எல்இடி வைக்கலாமே என்று தோன்றும். அந்த எல்இடிக்குக் கிடைப்பது 1.35 வோல்ட், எரியவே எரியாது. அதே இடத்தில் 3.3 வோல்ட் சுவிட்ச் வைத்தால் இன்னும் மோசம். விட்டுவிடுங்கள்.

எஸ்எஸ்டிஎல்135 என்ற தரத்தில் '1'ஆ '0'ஆ என்று முடிவு செய்வது வி-ரெஃப் என்ற நடுக்கோடு. விசிசிஓவில் சரிபாதி, 0.675 வோல்ட். வெளியிலிருந்து கொடுத்தால் பேங்கில் இரண்டு பின் அதற்கே போய்விடும். 800 மெகாபிட் வேகம் வரை சிப்புக்குள்ளேயே இருக்கும் வி-ரெஃபைப் பயன்படுத்தலாம். கன்ஸ்ட்ரெயின்ட் ஃபைலில் அந்த பேங்குக்கு உள் வி-ரெஃப் 0.675 என்று ஒரு வரி போட்டால் இரண்டு பின்னும் சிக்னலுக்குக் கிடைக்கும். ரீசெட் கம்பிக்கு 4.7 கிலோஓம் புல்-டவுன் போடுங்கள், எஃப்பிஜிஏ விழித்துக்கொள்ளும் வரை மெமரி அமைதியாக இருக்க வேண்டும். மெமரி கன்ட்ரோலருக்குப் போகும் கிளாக், சிப்பில் மெமரி இருக்கும் அதே செங்குத்து வரிசை பேங்குகளில் வர வேண்டும். 34-க்கு 35 அதே வரிசை. 14, 15 எதிர்ப்பக்கம்.

ஸ்கீமாட்டிக் முடிவதற்கு முன்பே, விவாடோவில் மெமரி கன்ட்ரோலரை உருவாக்கித் தரும் எம்ஐஜி கருவியில் உங்கள் பின் பட்டியலைக் கொடுத்துச் சரிபார்க்கச் சொல்லுங்கள். அது ஒப்புக்கொண்ட பட்டியலை மட்டும் போர்டுக்கு அனுப்புங்கள்.

கன்ஸ்ட்ரெயின்ட் ஃபைல் எழுதும்போது

ஒவ்வொரு பின்னுக்கும் இடமும் தரமும், இரண்டு வரியும் எழுதுங்கள். தரம் எழுதாமல் விட்டால் 7 சீரீஸில் எல்விசிமாஸ்18 என்று அதுவாகவே எடுத்துக்கொள்ளும். நல்லவேளையாக பிட் ஃபைல் உருவாக்கும் முன் என்எஸ்டிடி-1 என்று பிழை காட்டி நிறுத்தும். அந்தப் பிழையை எச்சரிக்கையாகக் குறைத்துவிட்டால் ஓடிவிடும் என்று பலர் வழி சொல்வார்கள். ஓடும், அதுதான் ஆபத்து. குறைக்காதீர்கள்.

நான் ஃபைலைப் பின் பெயர் வரிசையில் எழுதுவதில்லை, பேங்க் வரிசையில் எழுதுகிறேன். ஒவ்வொரு பேங்குக்கும் மேலே ஒரு கமென்ட்: எத்தனை வோல்ட், ஸ்கீமாட்டிக்கில் எந்த ரெகுலேட்டரிலிருந்து வருகிறது, அந்தப் பக்கம் எந்த சிப், அதற்கு '1' ஆக எவ்வளவு வேண்டும். இந்தக் கடைசி வரியை முதல் தடவை எழுதியிருந்தால் '2.0' என்று எழுதும்போதே பேனா நின்றிருக்கும்.

படிக்கிற பிள்ளைகள் பலர் டாங் நானோ 9கே என்ற சின்ன எஃப்பிஜிஏ போர்டில் ஆரம்பிக்கிறார்கள். அதில் 3-ம் பேங்க் 1.8 வோல்ட். பட்டனுக்கு எல்விசிமாஸ்33 என்று எழுதிவிட்டுப் பிழை வருகிறதே என்று தவிப்பார்கள். அதுவும் இதே கதைதான்.

சிப்புக்கு முன் மீட்டர்

இரண்டாவது போர்டை அசெம்பிளிக்கு அனுப்பும்போது ஒன்றைப் பவர் பகுதி மட்டும் ஒட்டி வாங்கினேன். எஃப்பிஜிஏ இல்லாமல். செலவு கொஞ்சம் கூடும், பரவாயில்லை. மின்சாரம் கொடுத்து ஒவ்வொரு பேங்கின் டிகப்ளிங் கெப்பாசிட்டரிலும் மல்டிமீட்டரை வைத்து அளந்தேன். சிப்பின் உள் மின்சாரம் 1.0, விசிசிஆக்ஸ் என்ற துணை மின்சாரம் 1.8, பேங்க் 14, 15, 34-ல் 3.3, 35-ல் 1.8. அளந்த எண்ணைப் போர்டிலேயே, அந்தந்த பேங்கின் பக்கத்தில் மார்க்கரால் எழுதினேன். கட்டத்தாளில் இருக்கும் எண்ணோடு ஒப்பிட்டேன். அதற்கப்புறம்தான் முழுப் போர்டுகளை ஒட்டச் சொன்னேன்.

மின்சாரம் ஏறும் வரிசையையும் ஸ்கோப்பில் பாருங்கள். முதலில் உள் மின்சாரம், பிறகு விசிசிஆக்ஸ், கடைசியில் விசிசிஓ. 3.3 வோல்ட் பேங்க் இருக்கும் போர்டில் விசிசிஓ முந்திக்கொண்டு, விசிசிஆக்ஸைவிட 2.625 வோல்ட்டுக்கு மேல் உயர்ந்து நீண்ட நேரம் நிற்கக் கூடாது. ஒரு ரெகுலேட்டரின் பவர்-குட் காலை ('என் வோல்ட்டேஜ் சரியாகிவிட்டது' என்று சொல்லும் கால்) அடுத்த ரெகுலேட்டரின் எனேபிளோடு கோத்துவிட்டால் இந்தக் கவலை தீரும்.

மெமரி டெஸ்டை இரண்டாகப் பிரித்து ஓட்டுங்கள். முதலில் டேட்டா: ஒரே முகவரியில் ஒரு பிட்டை மட்டும் '1' ஆக்கி, அதைப் பதினாறு இடத்துக்கும் நகர்த்தி நகர்த்தி எழுதிப் படியுங்கள். எந்தக் கம்பி ஒட்டவில்லை, எது பக்கத்துக் கம்பியோடு ஒட்டிக்கொண்டது என்று தெரிந்துவிடும். அப்புறம் முகவரி: ஒவ்வொரு இடத்திலும் அந்த இடத்தின் எண்ணையே எழுதுங்கள். முழுவதும் எழுதி முடித்த பிறகுதான் படிக்க ஆரம்பிக்க வேண்டும். முகவரிக் கம்பி ஒன்று தடுமாறினால் ஓர் இடத்தில் இன்னோர் இடத்தின் எண் வந்து நிற்கும். இரண்டு எண்ணையும் பைனரியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எந்த பிட் வேறுபடுகிறதோ அதுதான் குற்றவாளிக் கம்பி. என் முதல் டெஸ்ட் எழுதிய உடனே படித்துப் பார்த்தது. தப்பான இடத்தில் எழுதி அதே தப்பான இடத்திலிருந்து படித்தால் எல்லாம் சரியாகத்தான் தெரியும். ராத்திரி தேறியதற்கு அதுவும் ஒரு காரணம்.

டெஸ்டை மேசையில் மட்டும் ஓட்டாதீர்கள். போர்டு எங்கே வாழப் போகிறதோ அங்கே ஓட்டுங்கள். நான் புதுப் போர்டைத் தறியின் மேலேயே மாட்டி, மத்தியானம் இரண்டு மணிக்கு, எட்டுத் தறியும் ஓடும்போது ஆரம்பித்தேன். பெட்டிக்குள் ஒரு வெப்பமானி வைத்தேன். மின்வெட்டு வந்து திரும்பியபோதும் தானாக எழுந்து டெஸ்டைத் தொடர்கிறதா என்று பார்த்தேன். மறுநாள் மத்தியானம் இரண்டு மணி வரை ஒரு பிழையும் இல்லை.

அன்றைக்குச் சாயங்காலம் அப்பாவே பெட்டியின் சுவிட்சைப் போட்டார். ஒரு பாவு நூலை வேண்டுமென்றே கத்தரியால் வெட்டிவிட்டுத் துணியையே பார்த்துக்கொண்டு நின்றார். ஓர் அங்குலம் ஓடுவதற்குள் தறி நின்றது. நூலை முடிந்து, அச்சில் கோத்துவிட்டு, "இன்னொண்ணு வெட்டிப் பாக்கட்டுமா கண்ணு?" என்று கேட்டார்.